கணனி கூறிய சாட்சியம்

நீதி என்பது ஒருவர்க்கு உரியதை அவர்க்கு வழங்குதல். கண்ணோட்டம் என்பது அவரும் தம்மைப் போன்ற ஓர் உயிரே என்பதை மறவாதிருத்தல். திருவள்ளுவர் அரசியலைக் கூறப் புகுந்தவிடத்துச் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரமும் கண்ணோட்டத்துக்கு மற்றோர் அதிகாரமும் வகுத்தார். ஆள்வோரிடத்து இவ்விரண்டும் ஒருங்கே அமைதல் வேண்டும் என்பது அவ்வைப்பு முறையினின்றும் பெறப்படும். எனினும், மனிதர் முகத்தை மனிதர் நோக்கி வழக்குரைத்த காலத்தில் எழுந்த அறங்கள் இவை. கணக்கையும் சாட்சியத்தையும் கணனியின் பொறுப்பில் விட்டுவிட்ட இக்காலத்தில் அவற்றுக்கு நேர்ந்தது யாது? பிரித்தானியாவின் உபதபாலதிபர்களின் வரலாறு இவ்வினாவுக்குத் தெளிவான விடையொன்றைத் தருகின்றது. 1999 முதல் 2015 வரையுள்ள காலத்தில் அந்நாட்டில் 900 பேருக்கு மேற்பட்டோர், கணனியொன்று காட்டிய இலக்கங்களின் துணைகொண்டு, களவு, பொய்க் கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர்.

உபதபாற்கந்தோர் என்னும் அமைப்பு இலங்கையர்க்குப் புதியதன்று. ஆங்கிலேயர் ஆட்சி இந்நாட்டில் விட்டுச் சென்றவற்றுள் அதுவும் ஒன்று. பிரித்தானியாவில் 1990 ஆம் ஆண்டுகளின் இறுதியில் ஏறக்குறைய 18,000 தபாற்கந்தோர்கள் இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றை நடத்தியோர் சம்பள உத்தியோகத்தர் அல்லர். தம் சொந்தப் பணத்தை முதலிட்டுக் கடையொன்றை வாங்கி, அதன் ஒரு பக்கத்தில் தபாற்கந்தோர் நிறுவனத்தின் ஒப்பந்தக்காரராகத் தொழில் செய்தோரே உபதபாலதிபர் எனப்பட்டனர். முதியோர் ஓய்வூதியம் பெறுவதும், முத்திரை வாங்குவதும், காசுக்கட்டளை அனுப்புவதும் அவர்களிடத்திலேயே. கிராமத்திற் பாதிரியாரையும் ஆசிரியரையும் போன்று அவரும் நம்பிக்கைக்குரிய ஒருவர். இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் ஆபிரிக்க நாடுகளிலிருந்தும் சென்று குடியேறிய குடும்பங்கள் பலவும் இத்தொழிலை மதிப்புள்ள வாழ்வுக்கு வழியெனக் கொண்டு அதிற் புகுந்திருந்தன.

'ஹொறைசன்' என்று பெயரிடப்பட்ட கணனி முறை இக்கந்தோர்களுக்கு வந்த கதையே சற்று விசித்திரமானது. அரசாங்க உதவிப் பணத்தை அட்டை மூலம் வழங்குவதே முதலிற் கொண்ட நோக்கம். அதற்கென 1996 இல் ஐ.சி.எல். என்னும் கம்பனியின் கிளையொன்றுடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. தாமதமும் குறைபாடும் மலிந்தமையால் 1999 மே மாதத்தில் அட்டைத் திட்டம் கைவிடப்பட்டது. எஞ்சிய பகுதி தபாற்கந்தோர்களின் கணக்குகளை நடத்தும் கருவியாக மாற்றப்பட்டு, அவ்வாண்டு தொடக்கம் நாடெங்கும் பொருத்தப்பட்டது. ஐ.சி.எல். அப்பொழுது யப்பானிய நிறுவனமாகிய ஃபுஜிட்சுவுக்கு உரியதாகிவிட்டது. இவ்வாறு, ஒரு நோக்கத்துக்கென வகுத்துப் பாதியிற் குலைந்த திட்டமொன்று, பிறிதொரு நோக்கத்துக்கு ஆகி, பல்லாயிரம் குடும்பங்களின் வாழ்வைத் தாங்கும் தூணாக நிறுத்தப்பட்டது.

முன்பு உபதபாலதிபர் தம் கணக்கைக் கடுதாசியில் எழுதினார். காசு குறைந்தால், வரிவரியாகப் பின்னோக்கிச் சென்று பிழை எங்கே நேர்ந்தது என்று தாமே தேடுவார். புதிய முறையில் கணக்கு திரையில் ஓர் இலக்கமாகத் தோன்றியது. அவ்விலக்கம் பிறந்த வழியைக் காணும் ஆற்றல் அவருக்கு இருக்கவில்லை. கையிலுள்ள காசை எண்ணித் திரையிலுள்ள தொகையோடு ஒப்பிடும்பொழுது சிலருக்குச் சில நூறு பவுண்களும், சிலருக்குப் பல்லாயிரம் பவுண்களும் குறைந்தன. அவர் கைச்சாத்திட்ட ஒப்பந்தமோ, தம் கவனக்குறைவால் அல்லது பிழையால் நேரும் நட்டத்தை அவரே ஈடுசெய்தல் வேண்டும் என்றது. தபாற்கந்தோர் நிறுவனம் அவ்விதியை விரித்துப் பொருள் கொண்டது. திரை காட்டும் குறைவு எதுவாயினும் அது உபதபாலதிபரின் கடனே என்பது அதன் கொள்கையாயிற்று.

உதவி கேட்போருக்கெனத் தொலைபேசிச் சேவையொன்று இருந்தது. ஆங்கிலக் கரையோரப் பட்டினமாகிய பிறிட்லிங்ரனில் தொழில் செய்த லீ காசில்ரன் என்பவர் சில மாதங்களுக்குள் அதனை 91 முறை அழைத்தார். ஹம்ஷயர் மாகாணத்தின் சவுத் வோண்பரோக் கிராமத்து ஜோ ஹமில்ரன் என்னும் பெண்மணி, அச்சேவையினர் கூறியவாறே விசைகளை அழுத்த, 2,000 பவுண் குறைவு அவர் கண்முன்னே 4,000 ஆயிற்று. அழைத்தோர் பலருக்கும் கிடைத்த மறுமொழி ஒன்றே: இவ்வாறு முறையிடுவோர் வேறெவருமில்லர், நீர் ஒருவரே. நாடெங்கும் நூற்றுக்கணக்கானோர், ஒவ்வொருவரும் தாம் ஒருவரே என்று எண்ணி, வெட்கித் தனிமையில் வாடினர். இவ்வரலாற்றின் மிகப் பெரிய கொடுமைகளுள் இதுவும் ஒன்று. இலக்கங்களின் பிழை இயந்திரத்தினது. இந்த மறுமொழியோ மனிதர் வாயினின்றும் வந்தது.

பிழை எவ்வாறு நேரும் என்பதற்குப் பிற்காலத்து எடுத்துக்காட்டு ஒன்று போதுமானது. 2015 இல் ஸ்கொத்லாந்தின் டல்மெலிங்ரன் கந்தோரின் தபாலதிபர் 8,000 பவுணை வேறோர் இடத்துச் சேவைக்கு மாற்றப் பதிந்தார். திரை அசையாது நின்றது. பதிவு நிறைவேறவில்லை என்று எண்ணி விசையை மீண்டும் மீண்டும் அழுத்தினார். கணனியோ ஒவ்வொரு அழுத்தத்தையும் புதியதொரு மாற்றமாகக் கொண்டு, 32,000 பவுண் சென்றதாக எழுதிக்கொண்டது. கையில் இல்லாத 24,000 பவுணுக்கு அவர் கடனாளியானார். இப்பிழை கண்டுபிடிக்கப்பட்டது, இதனையொத்த வேறு பல பிழைகள் பல்லாண்டுகளாகக் கண்டுபிடிக்கப்படாது கிடந்தன. அன்றியும், உபதபாலதிபரின் அறிவின்றியே தொலைவிலிருந்து கந்தோர்க் கணக்கிற் கைவைக்கும் வசதி ஃபுஜிட்சு ஊழியரிடம் இருந்தது. அவ்வாறு செய்தல் இயலாது என்றே தபாற்கந்தோர் நிறுவனம் நெடுங்காலம் சாதித்து வந்தது.

குறைவைக் கண்ட உபதபாலதிபர் முன் வழிகள் சிலவே இருந்தன. சேமிப்பையும் உறவினரிடம் வாங்கிய கடனையும் இட்டுக் குறைவை நிரப்பலாம். பலர் அவ்வாறே செய்தனர். நிரப்ப இயலாதார், மறுநாள் கந்தோரைத் திறத்தற் பொருட்டு, கணக்குச் சரியென்று பதிந்தனர். அவ்வாறு பதிந்த கணமே பொய்க் கணக்கு எழுதிய குற்றம் அவரைச் சூழ்ந்தது. பின்னர்க் கணக்காய்வாளர் வருவர், கந்தோர் பூட்டப்படும், விசாரணை தொடங்கும். இங்கிலாந்திலும் வேல்சிலும் எவரும் தனிப்பட வழக்குத் தொடரலாம் என்னும் பழைய சட்டவுரிமையைக் கொண்டு, தபாற்கந்தோர் நிறுவனம் தானே விசாரித்துத் தானே வழக்கும் தொடுத்தது. தண்டிக்கப்பட்டோருள் ஏறக்குறைய 700 பேர் இவ்வாறு அதனாலேயே நீதிமன்றம் ஏற்றப்பட்டோர். நட்டப்பட்டதாகக் கூறியவரும், துப்புத் துலக்கியவரும், வழக்குத் தொடுத்தவரும் ஒருவரேயாயின், நடுவுநிலைமைக்கு அங்கே இடமேது? களவுக் குற்றச்சாட்டைக் கைவிடுவோம், பொய்க் கணக்கை ஒப்புக்கொண்டு பணத்தையும் செலுத்துக என்னும் பேரத்துக்கு, சிறைக்கு அஞ்சிய பலர் இணங்கினர். ஜோ ஹமில்ரன் இணங்கியதும் இவ்வாறே.

இங்குச் சாட்சியச் சட்டத்தின் வரலாற்றையும் நோக்குதல் வேண்டும். 1984 ஆம் ஆண்டின் பொலிஸ் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டத்தின் 69 ஆம் பிரிவு, கணனி தந்த ஆவணத்தைச் சாட்சியமாகக் கொணர்வோர் அக்கணனி செவ்வையாக இயங்கியதைக் காட்டுதல் வேண்டும் என விதித்தது. இது தேவையற்ற சுமை என்று சட்ட ஆணைக்குழு 1997 இல் கருத்துரைத்தது. 1999 ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் அப்பிரிவு நீக்கப்பட்டு, 2000 ஆம் ஆண்டில் அந்நீக்கம் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னர், இயந்திரம் செவ்வையாக இயங்கியது என்னும் அனுமானமே நின்றது. அன்றெனக் கூறுவோர் அதற்கு ஆதாரம் காட்டுதல் வேண்டும். ஆயின், ஆதாரமாகக் கூடிய பதிவுகள் யாவும் ஃபுஜிட்சுவினதும் தபாற்கந்தோர் நிறுவனத்தினதும் வசமிருந்தன. பூட்டிய பெட்டியின் திறப்பைத் தன் மடியில் வைத்துக்கொண்டவன், பெட்டியினுள் இருப்பதைக் காட்டுக என்று வெறுங்கையனை நோக்கிக் கேட்பதை ஒத்தது அது. ஹொறைசன் நாடெங்கும் பரவிய அதே வேளையில் அப்பழைய காவலும் அகன்றது.

தமிழர்க்கு இவ்விடத்திற் சிலப்பதிகாரம் நினைவுக்கு வராதிராது. பாண்டியன் கொடியவனல்லன். ஆயினும், நம்பத்தக்கவன் என்று தான் கொண்ட பொற்கொல்லனின் சொல்லை ஆராயாது ஏற்றான். கோவலன் கூறுவதைக் கேட்கவேயில்லை. கண்ணகி அவைக்கு வந்து சிலம்பை உடைத்த பின்னரே அதனுள் இருப்பவை முத்துக்களல்ல, மாணிக்கங்கள் என்பது வெளிப்பட்டது. உபதபாலதிபர் வழக்குகளில் கணனியே பொற்கொல்லன். உள்ளே இருப்பதைத் திறந்து பார்த்தல் வேண்டும் என்று கேட்டோருக்கு அவ்வாய்ப்பு இருபது ஆண்டுகள் மறுக்கப்பட்டது.

இழப்புகளை ஒருவர் இருவர் வாழ்விற் காணலாம். வேல்சைச் சேர்ந்த நோயல் தோமஸ் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தபாற் சேவையில் இருந்தவர். 2006 இல் ஒன்பது மாதச் சிறைத்தண்டனை பெற்று, தம் அறுபதாம் பிறந்தநாளைச் சிறையிற் கழித்தார். லீ காசில்ரன் ஏறக்குறைய 25,000 பவுண் தொடர்பான குடியியல் வழக்கிற் சட்டத்தரணி இன்றித் தாமே வாதாடினார். 2007 இல் தோற்றார். எதிர்த்தரப்பின் செலவாகிய 3,21,000 பவுணும் அவர் தலையில் ஏற்றப்பட, வங்குரோத்தானார். சரே மாகாணத்தின் வெஸ்ற் பைபிளீற்றில் தொழில் செய்த சீமா மிஸ்ரா 2010 நவம்பரில் 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றபொழுது கருவுற்றிருந்தார். அன்று அவர்தம் மூத்த மகனின் பத்தாம் பிறந்தநாள். அவ்வழக்கு வென்றதும், கணனி முறைமீது தொடுக்கப்பட்ட தாக்குதல் முறியடிக்கப்பட்டதென்று நிறுவனத்தின் சட்டப் பகுதியினர் தமக்குள் மகிழ்ந்து கடிதம் எழுதிக்கொண்டனர். ஒரு தாய் சிறைபுகும் வேளையில் ஓர் அலுவலகம் தன் இயந்திரத்தின் நற்பெயரைக் கொண்டாடியது.

அந்நிறுவனத்தின் விசாரணையாளர், சந்தேகநபர்களை இனம் குறித்து வகைப்படுத்தப் பயன்படுத்திய படிவமொன்றும் 2023 இல் வெளிவந்தது. அதிற் கறுப்பின மக்களைக் குறிக்கப் பழைய இழிசொல்லொன்று இருந்தமைக்காக நிறுவனம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. இயந்திரம் இனம் அறியாது. அதன் இலக்கத்தைக் கையில் ஏந்திச் செல்லும் மனிதர் அறிவர்.

இவ்விருளில் அலன் பேற்ஸ் என்பவரின் விடாமுயற்சி வழிகாட்டியாக நின்றது. வேல்சின் லண்டட்னோப் பட்டினத்தில் 1998 இல் கந்தோரொன்றை வாங்கிய அவர், திரை காட்டிய குறைவுக்கு விளக்கம் தராதவரை பணம் செலுத்த மறுத்தார். 2003 இல் அவருடைய ஒப்பந்தம் முடிவுறுத்தப்பட்டது. முதலிட்ட பணமும் போயிற்று. எனினும் அவர் ஓயவில்லை. 2009 மே மாதத்தில் 'கொம்பியூற்றர் வீக்லி' என்னும் தொழிற்றுறைப் பத்திரிகை, ஏழு உபதபாலதிபர்களின் முறைப்பாடுகளை ஒருங்கே வெளியிட்டது. அவ்வாண்டு நவம்பரில், வோறிக்ஷயர் மாகாணத்தின் பெனி கொம்ரன் கிராம மண்டபத்தில், ஒருவரையொருவர் அறியாத பாதிக்கப்பட்டோர் முதன்முறையாக ஒன்றுகூடினர். 'நீர் ஒருவரே' என்னும் பொய் அம்மண்டபத்தில் உடைந்தது. உபதபாலதிபர்களின் நீதிக்கான சங்கம் அங்கே உருப்பெற்றது.

ஜேம்ஸ் ஆபத்நொட் முதலிய பாராளுமன்ற உறுப்பினரின் தூண்டுதலால், 2012 இல் 'செக்கன்ட் சைட்' என்னும் தனிப்பட்ட கணக்காய்வுக் குழுவினர் நியமிக்கப்பட்டனர். 2013 யூலையில் அவர்கள் வெளியிட்ட இடைக்கால அறிக்கை கணனி முறையிற் பிழைகள் இருந்தமையை எடுத்துக்காட்டியது. அதே மாதத்தில், நிறுவனத்தின் சொந்தச் சட்ட ஆலோசகர் ஒருவரே, ஃபுஜிட்சு பொறியியலாளர் நீதிமன்றங்களில் அளித்த சாட்சியம் நம்பத்தக்கதன்று என எழுத்தில் எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை தண்டிக்கப்பட்டோருக்குத் தெரிவிக்கப்படவில்லை. 2015 இல் அக்கணக்காய்வாளரும் விலக்கப்பட்டனர். அறியாமையாற் செய்த பிழைக்கும் அறிந்த பின்னர் மறைத்த பிழைக்கும் இடையிலுள்ள எல்லை இவ்விரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே கடக்கப்பட்டது.

இறுதியில் 555 பேர் கூட்டாக உயர் நீதிமன்றம் சென்றனர். நீதியரசர் பிறேசர் 2019 மார்ச்சில், இத்தகைய ஒப்பந்தத்தில் இரு திறத்தாரும் நல்லெண்ணத்துடன் ஒழுகும் கடப்பாடு உண்டு எனத் தீர்ப்பளித்தார். டிசம்பரில் அளித்த மற்றொரு தீர்ப்பில், கணக்குக் குறைவுகளை உண்டாக்கக்கூடிய பிழைகள் ஹொறைசனில் இருந்தன என்று தெளிவுபடுத்தியதோடு, நிறுவனத்தின் மறுப்பைப் பூமி தட்டையானது என்று சாதிப்பதற்கு ஒப்பிட்டார். சமாதானமாகப் பெறப்பட்ட 5 கோடியே 77½ இலட்சம் பவுணில் வழக்குச் செலவு போக எஞ்சியது ஏறக்குறைய 1 கோடியே 20 இலட்சமே. ஆளுக்கு ஏறக்குறைய 20,000 பவுண். 2021 ஏப்ரல் 23 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் குற்றத்தீர்ப்புகளை இரத்துச் செய்தது. அவர்களுள் மூவர் அத்தீர்ப்பைக் கேட்க உயிரோடிருக்கவில்லை.

ஏனையோரின் வழக்குகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து சென்றன. 2024 சனவரியில் இக்கதையைத் தொலைக்காட்சி நாடகமாகக் கண்ட பொதுமக்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு மே 24 இல் பிரித்தானியப் பாராளுமன்றம், இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றிற் பெறப்பட்ட இத்தகைய குற்றத்தீர்ப்புகளை ஒரே சட்டத்தால் நீக்கியது. ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றமும் அவ்வாண்டிலேயே அவ்வழியைப் பின்பற்றியது. நீதிமன்றங்களின் தீர்ப்புகளைச் சட்டமன்றம் மொத்தமாக இரத்துச் செய்தல் அந்நாட்டு மரபுக்குப் புறம்பான செயல். மரபை மீறியே நீதி செய்ய வேண்டிய நிலைக்கு நிலைமை முற்றிவிட்டது. சேர் வின் வில்லியம்ஸ் தலைமையிலான பகிரங்க விசாரணை 2025 யூலை 8 இல் வெளியிட்ட அறிக்கையின் முதற் பாகம், குறைந்தது 13 பேர் இத்துன்பத்தின் காரணமாகத் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டிருத்தல் கூடும் எனக் கூறியது. அவ்வாண்டின் நடுப்பகுதிக்குள் வழங்கப்பட்ட நட்டஈடு 100 கோடி பவுணைக் கடந்திருந்தது.

இது பிரித்தானியர்க்கே உரிய தவறு என்று கொள்ளுதல் பொருந்தாது. அவுஸ்திரேலியாவில் 2016 முதல், உதவிப்பணம் பெற்றோரின் ஆண்டு வருமானத்தை இரு வாரங்களுக்குச் சராசரியாகப் பகிர்ந்து, கணனியே கடன் கணக்கிட்டு அறிவித்தல் அனுப்பியது. சில மாதங்கள் மட்டும் வேலை செய்தோர் ஆண்டு முழுவதும் சம்பாதித்தோராகக் கணிக்கப்பட்டனர். அத்திட்டம் சட்டத்துக்கு முரணானதென்பது 2019 இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டது. 2023 இல் அரச ஆணைக்குழுவும் அதனை வன்மையாகக் கண்டித்தது. நெதர்லாந்தில், பிள்ளைப் பராமரிப்பு உதவி பெற்ற பெற்றோர் பல்லாயிரவர் சிறு தவறுகளுக்காகவும் மோசடிக்காரரென முத்திரை குத்தப்பட்டனர். பெற்ற பணம் முழுவதையும் திருப்பிக் கொடுக்கும்படி பணிக்கப்பட்டனர். அதன் பொருட்டு 2021 சனவரியில் அந்நாட்டு அரசாங்கம் பதவி துறந்தது. மூன்று நாடுகளும் மக்களாட்சியிலும் சட்டவாட்சியிலும் தேர்ந்தவை. மூன்றிலும் மெய்ப்பிக்கும் சுமை பலம் படைத்த அலுவலகத்தினின்றும் வலியற்ற குடிமகனின் தோளுக்கு மாறியது. முறையிட்டவனின் சொல்லினும் திரையிலிருந்த இலக்கம் மேலாக மதிக்கப்பட்டது.

நீதிக்கு வேண்டியவை அரியவையல்ல. பிழை எனக் கூறுவோனுக்குக் கணக்குப் பிறந்த வழியைத் திறந்து காட்டுதல், குற்றஞ்சாட்டுவோரையும் ஆராய்வோரையும் வேறு பிரித்தல், ஒரே முறைப்பாடு பலவிடத்தும் எழும்பொழுது முறைப்பாட்டாளரை ஐயுறுமுன் கருவியை ஐயுறுதல், ஆகிய இவையே. கண்ணோட்டத்துக்கு வேண்டியது இவற்றினும் எளிது. நாற்பதாண்டு நேர்மையாக உழைத்த ஒருவர் முதுமையில் திடீரெனக் கள்வராவாரா என்று ஒருகணம் வியத்தலே அது. அவ்வியப்பு எழுந்திருப்பின், கணக்கை மீண்டும் ஆராயும் எண்ணமும் உடனெழுந்திருக்கும்.

சவுத் வோண்பரோக் கிராமத்தவரிடம் அவ்வியப்பு இருந்தது. ஜோ ஹமில்ரன் குற்றத்தை ஒப்புக்கொண்ட பின்னரும் அவர்கள் அவரைக் கள்வரென நம்பவில்லை. செலுத்த வேண்டிய பணத்துக்கெனத் தம்முட் காசு சேர்த்துக் கொடுத்தனர். தண்டனை வழங்கும் நாளில் திரளாக நீதிமன்றம் சென்று உடனிருந்தனர். கணனியின் உள்ளமைப்பை அவர்கள் அறியார்; பதிவேடுகளையும் கண்டிலர். தம்மிடையே வாழ்ந்த ஒரு பெண்ணை அறிந்திருந்தனர், அவ்வளவே. பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் நீதிமன்றமும் 2021 இல் வந்தடைந்த முடிவை, அவ்வூரார் 2008 இலேயே அடைந்திருந்தனர்.